பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறன் எப்போது திரும்பும்? கணிக்கும் முறை, படிப்படியாக

"அக்கா, அப்பா எப்போ வாயால சாப்பிடுவாரு?"

யாங்கூனில் பக்கவாத நோயாளியின் கட்டிலருகே நிற்கும் நம் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். பக்கத்துக் கட்டிலில் "லேப்யத்" (பர்மிய மொழியில் பக்கவாதம்) என்று சொல்லி அழும் பர்மியக் குடும்பமும் இதையே கேட்கிறது. கை எப்போது வரும், நடை எப்போது வரும் என்பதெல்லாம் அப்புறம்தான்.

"ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்வதும் தப்பு, "நம்ம கையில என்ன இருக்கு" என்று கைவிரிப்பதும் தப்பு. ஓரளவு நெருக்கமாகவே கணிக்கலாம். ஆனால் பார்க்க வேண்டியவற்றை அதனதன் வரிசையில் பார்க்க வேண்டும். பல வருடம் வார்டில் செவிலியாக இருந்துவிட்டு, இப்போது வீடு வீடாகப் போய் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வருபவர்கள் இடறுகிற இடங்கள் எனக்கு மனப்பாடம்.

இது வீட்டாருக்கும் புதுச் செவிலியருக்கும் எழுதியது. வாயில் எதையாவது கொடுத்துப் பார்க்கும் 4ஆம் படியைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். மற்றவற்றை வீட்டாரும் கவனித்து எழுதலாம்.

1. முதலில் ஒரு நோட்டு

துண்டுத் தாள் வேண்டாம், வார்டில் தொலைந்துவிடும். நோட்டின் முதல் பக்கத்தில் பக்கவாதம் வந்த நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். இனி வரும் எல்லா நாள் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளை முதல் நாளாக எண்ணுவது பலரும் செய்யும் பிழை. கிராமத்திலிருந்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தவருக்கு அப்படி எண்ணினால் கணக்கு இரண்டு நாள் பின்தங்கும். தூங்கி எழும்போதே வாய் கோணியிருந்தது என்றால், கடைசியாக அவரை நல்லபடியாகப் பார்த்த நேரத்தை எழுதுங்கள்.

அடுத்தது, முன்பு எப்படிச் சாப்பிட்டார் என்பது. இதை யாரும் கேட்பதில்லை. ஒரு வீட்டில் இரண்டு வாரம் "இன்னும் சோறு இறங்கலியே" என்று கலங்கிக்கொண்டிருந்தார்கள். விசாரித்தால், உதறுவாதத்தால் ஒரு வருடமாகவே பெரியவர் குழைத்த சோறுதான் சாப்பிட்டு வந்திருக்கிறார். அவர் திரும்பிப் போகக்கூடிய எல்லை அந்தக் குழைத்த சோறு. அதற்கு மேல் எதிர்பார்த்து ஏமாறுவானேன்?

மூன்றாவது, இதற்கு முன் பக்கவாதம் வந்ததுண்டா, வந்திருந்தால் எந்தப் பக்கம். சின்னதாக வந்து போனதையும் சேர்த்துக் கேளுங்கள். 6ஆம் படியில் இது பெரிய விஷயமாகும். கூடவே மருந்துப் பட்டியல் (தூக்க மாத்திரை குறிப்பாக), பல்செட் உண்டா, வெற்றிலை பாக்குப் பழக்கம் உண்டா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பொருட்கள் அதிகம் வேண்டாம்: டார்ச், டீஸ்பூன், ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச், சுத்தமான மெல்லிய துணி. சளி உறிஞ்சும் மெஷின் கட்டிலருகே இருக்க வேண்டும், அது ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊர் இது. பேட்டரியிலோ காலால் மிதித்தோ ஓடும் ஒன்று இல்லாமல் வாயில் எதையும் வைத்துச் சோதிக்காதீர்கள்.

2. சோதனை முடியும்வரை வாயில் ஒன்றும் போகக் கூடாது

சொட்டுத் தண்ணீர்கூட. மாத்திரையும்தான்.

இங்கேதான் அன்பு ஆபத்தாகிறது. கோயிலிலிருந்து தீர்த்தம் வரும். அத்தை ஒருத்தி அரைத் தூக்கத்தில் இருப்பவரின் வாயில் ஒரு ஸ்பூன் விட்டு, "பாரு, முழுங்கிட்டாரு" என்பாள். தண்ணீர் உதட்டைத் தாண்டிப் போனதைத்தான் அவள் பார்த்தாள். அது உணவுக்குழாய்க்குள் போனதா, மூச்சுக்குழாய்க்குள் போனதா என்பது வெளியே தெரியாது. பக்கவாதத்தில் தொண்டையின் உணர்ச்சியும் மரத்துப்போகலாம். அப்போது தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கினாலும் புரையேறாது, இருமல் வராது. இருமவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்ற முடிவுதான் இந்த வேலையில் நான் பார்த்த பிழைகளில் மிகப் பெரியது.

தீர்த்தம் வேண்டாம் என்று சண்டை போடாதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். துணியை நனைத்துப் பிழிந்து உதட்டில் தொட்டு வைக்கச் சொல்லுங்கள், நெற்றியில் திருநீறு பூசச் சொல்லுங்கள். மனமும் நிறையும், தொண்டையும் தப்பிக்கும். மாத்திரைகளுக்கு வேறு வழி என்ன என்று டாக்டரைக் கேளுங்கள்.

கணிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? விழுங்கல் கெட்டவருக்கு நிமோனியா வரும் ஆபத்து மற்ற பக்கவாத நோயாளிகளைவிட ஏறக்குறைய 3 மடங்கு. உணவோ நீரோ நுரையீரலுக்குள் போவது உறுதியானவர்களுக்கு 11 மடங்கு. நிமோனியா வந்து காய்ச்சலில் சோர்ந்து கிடப்பவரிடம் விழுங்கும் திறனை அளக்கவே முடியாது. கணிப்பு ஒரு வாரம் தள்ளிப்போகும்.

3. எதுவும் கொடுக்காமலே பார்க்க வேண்டியவை

நோயாளியை நிமிர்த்தி உட்கார வையுங்கள். பலவீனமான பக்கம் தலையணை கொடுத்துத் தாங்குங்கள். சாய்ந்து படுத்திருப்பவரைச் சோதித்தால் நீங்கள் அளப்பது படுக்கையின் கோளாறைத்தான்.

ஆஸ்திரியாவில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட 'கஸ்' என்ற சோதனை இந்தப் படிக்கு நல்ல ஒழுங்கைத் தருகிறது. அதன் முதல் பகுதியில் உணவே கிடையாது. பார்ப்பது ஐந்து. 15 நிமிடம் விழித்திருக்கிறாரா? சொன்னால் வேண்டுமென்றே இரண்டு முறை இருமவோ தொண்டையைச் செருமவோ முடிகிறதா? எச்சிலை விழுங்குகிறாரா? கடைவாயில் எச்சில் வழிகிறதா? குரல் எப்படி?

ஐந்தில் நான் அதிகம் நம்புவது இருமலை. "இருமுங்க மாமா" என்றதும் வெடுக்கென்று ஒரு சத்தம் வந்தால் மனதில் ஒரு தெம்பு வரும். வெறும் காற்றுப் போவது போல "ஹஹ்" என்று வந்தால், உள்ளே போனதை வெளியே தள்ள அவரிடம் ஆள் இல்லை என்று அர்த்தம். அடுத்தது குரல். "ஆ..." என்று இழுக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல களகளவென்று கேட்டால், எச்சில் குரல்நாண் மேல் தேங்கி நிற்கிறது.

புதியவர்கள் இரண்டு இடத்தில் தடுக்குவார்கள். ஒன்று, குச்சியால் தொண்டையைத் தொட்டுக் குமட்டல் வருகிறதா என்று பார்த்து, வந்தால் விழுங்குவார் என்று முடிவு கட்டுவது. ஆரோக்கியமான பலருக்கே குமட்டல் வராது, அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. மற்றது, "நல்லா பேசுறாரே, விழுங்க மாட்டாரா?" என்பது. பேச்சுக் குழறல் இருந்தால் விழுங்கலிலும் சந்தேகப்பட வேண்டும், அது சரி. ஆனால் பேச்சு தெளிவாக இருப்பது விழுங்கலுக்கு ஜாமீன் ஆகாது.

ஐந்தும் சரியாக வந்தால் மட்டும் அடுத்த படி. வராவிட்டால் அதை எழுதிவிட்டு மறுநாள் பாருங்கள். காலையில் கண் திறக்காதவர் மாலையில் முழு விழிப்போடு இருக்கலாம். அதனால் பார்த்த நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

4. முதலில் கூழ், பிறகு நீர், கடைசியில் கெட்டி

பயிற்சி பெற்றவர் செய்யும் படி. வீட்டார் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

நம் வீடுகளில் தண்ணீரில் தொடங்குவதுதான் வழக்கம். அதுதான் லேசானது என்று நினைக்கிறோம். தொண்டைக்கு அது நேர்மாறு. நீர் வேகமாக ஓடும். விழுங்கும் அனிச்சை ஒரு நொடி பிந்தினாலும் அது மூச்சுக்குழாயின் வாசலில் நிற்கும். கூழ் மெதுவாக இறங்குவதால் தாமதமான தொண்டைக்கும் அவகாசம் கிடைக்கும்.

அதனால் மூன்றில் ஒரு பங்கு டீஸ்பூன் கூழில் தொடக்கம். விழுங்கியதும் குரல்வளை மேலே ஏறி இறங்குகிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு "ஆ" சொல்லச் சொல்லிக் குரலைக் கேட்க வேண்டும். விழுங்கி 3 நிமிடம்வரை இருமலுக்குக் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் 10 நொடியில் அடுத்த ஸ்பூனை நீட்டிவிடுவார்கள். கூழ் முழுச் சரியென்றால் நீர்: 3, 5, 10, 20 மில்லி, கடைசியில் 50. அதுவும் சரியென்றால்தான் உலர்ந்த ரொட்டித் துண்டு. எங்கே தடை வந்ததோ அங்கேயே நிறுத்த வேண்டும். மொத்தம் 20 மதிப்பெண். 20 என்றால் குறையில்லை, 15 முதல் 19 லேசானது, 10 முதல் 14 நடுத்தரம், 9ம் அதற்குக் கீழேயும் கடுமை.

கூழ் என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் சிக்கல் உண்டு. "கெட்டியாத்தான் காய்ச்சினேன்" என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதத்தில் கொண்டுவருவார்கள். சிரிஞ்ச் வைத்தது இதற்காகத்தான். 10 மில்லி நிரப்பி, முனையை விரலால் அடைத்து, விரலை எடுத்து 10 நொடி ஒழுக விடுங்கள். 1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர்தான். 1 முதல் 4 மிஞ்சினால் இலேசாகக் கெட்டி, 4 முதல் 8 நடுத்தரம், 8க்கு மேல் மிஞ்சினால் நல்ல கெட்டி. ஐடிடிஎஸ்ஐ என்ற உலகப் பொது அளவுமுறை இது, அடுப்படியிலேயே செய்துவிடலாம்.

அரிசிக் கஞ்சியில் இன்னொரு கள்ளத்தனம் இருக்கிறது. எச்சிலில் உள்ள அமிலேஸ் மாவுச்சத்தை உடைத்துவிடும். எச்சில் பட்ட ஸ்பூனை மறுபடி மறுபடி கிண்ணத்தில் விட்டால், கெட்டியாக இருந்த கஞ்சி கால் மணி நேரத்தில் நீர்த்துவிடும். முதல் ஸ்பூன் நன்றாக இறங்கி, ஏழாவது ஸ்பூனில் புரையேறுவதற்கு இது ஒரு காரணம். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுங்கள்.

5. தொடக்க நிலையை எண்ணாக எழுதுங்கள்

"பரவாயில்லை", "கொஞ்சம் தேவலை" என்றெல்லாம் நோட்டில் எழுதினால் அடுத்த வாரம் எதோடு எதை ஒப்பிடுவீர்கள்? உலகெங்கும் பயன்படும் 7 படி அளவு ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'ஃபாய்ஸ்' என்பார்கள்.

1: வாயால் ஒன்றும் இல்லை. 2: சாப்பாடு மூக்குக் குழாயிலோ வயிற்றுக் குழாயிலோதான், வாயில் துளி முயற்சி மட்டும். 3: குழாயும் உண்டு, வாயாலும் தினமும் ஓரளவு போகிறது. 4: முழுக்க வாயால், ஆனால் ஒரே பதம். 5: பல பதங்கள், ஆனால் மசித்தோ கெட்டியாக்கியோ தர வேண்டும். 6: தனியாகச் சமைக்க வேண்டியதில்லை, சில உணவுகள் மட்டும் ஆகாது. 7: எல்லாம் சாப்பிடலாம்.

இதில் 5ஐ எட்டுவதுதான் நாம் கணிக்கப் பார்க்கும் முதல் இலக்கு. குழாயிலிருந்து விடுதலை கிடைத்து, வீட்டுச் சாப்பாட்டை மசித்துக் கொடுக்கக்கூடிய நிலை அது.

எண்ணோடு இன்னொன்றையும் எழுதுங்கள். குரல் மாற்றம், பேச்சுக் குழறல், குமட்டல் அனிச்சைக் கோளாறு, வேண்டுமென்று இருமுவதில் பலவீனம், விழுங்கிய பின் இருமல், விழுங்கிய பின் குரல் மாறுதல் ஆகிய ஆறில் ஏதேனும் இரண்டு இருந்தால், நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருப்பதாகக் கொள்வார்கள். குமட்டலைத் தனியாக நம்பாதே என்றேனே, இந்தக் கூட்டத்தில் ஒன்றாகச் சேர்ந்தால் அதற்கும் மதிப்பு உண்டு.

6. ஸ்கேனில் இரண்டு கேள்வி

படத்தை நாம் படிக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: அடி எங்கே பட்டது, அதாவது பக்கவாதம் மூளையில் எந்த இடத்தைக் கெடுத்தது? மறுபக்கம் முழுசாக இருக்கிறதா?

இரண்டாவது கேள்வியின் காரணம் இது. விழுங்குவதை மூளையின் இரு பாதிகளும் சேர்ந்து நடத்துகின்றன. ஆனால் சரிபாதியாக இல்லை, ஒரு பக்கம் பெரிய பங்காளி. மான்செஸ்டரில் ஷாஹீன் ஹம்டி குழுவினர் 1990களில் காட்டியது என்னவென்றால், அடிபட்டவர்களில் விழுங்கல் திரும்பியவர்களுக்கு, அடிபடாத பாதியில் தொண்டைக்கான பகுதி வளர்ந்திருந்தது. அதாவது அடிபட்ட பக்கம் ஆறியதைவிட, மறுபக்கம் வேலையை ஏற்றுக்கொண்டதுதான் காரணம். மறுபக்கத்தில் ஏற்கெனவே பழைய பக்கவாதத் தழும்பு இருந்தால் வேலையை ஏற்க ஆள் இல்லை. 1ஆம் படியில் பழைய பக்கவாதத்தைக் கேட்டது இதற்காக. இன்று வந்தது சின்னதாக இருந்தாலும், இரு பக்கமும் அடி என்றால் கணிப்பை நீட்டிப் போடுங்கள்.

முதல் கேள்விக்கு வரும் பதிலில் இரண்டு சொற்களுக்குக் காது கொடுங்கள். ஒன்று 'ஃப்ரான்டல் ஒபர்குலம்'. நெற்றி மடலின் கீழ் ஓரம், முகமும் நாக்கும் தொண்டையும் ஆளப்படும் இடத்துக்கு அருகே. அங்கே அடிபட்டால் விழுங்கல் தாமதமாகத்தான் வரும். மற்றது 'லேட்டரல் மெடுல்லா', மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் பக்கவாட்டு. விழுங்கலின் சுவிட்சுகள் இருக்கும் இடமே அதுதான்.

பெகூவிலிருந்து வந்த ஒரு மாமாவை மறக்க முடியாது. கை கால் இரண்டும் நன்றாக ஓடின. தானே எழுந்து கழிவறைக்குப் போய் வருவார். ஆனால் கையில் எப்போதும் ஒரு டப்பா, நிமிடத்துக்கு ஒரு முறை அதில் துப்புவார். சொந்த எச்சிலையே விழுங்க முடியவில்லை. எடுத்த சிடி ஸ்கேன் சுத்தம் என்று சொல்லி, "நடக்குறாரே, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று அங்கே இருந்தவர்கள் குடும்பத்துக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டார்கள். மூளைத்தண்டில் வரும் சின்ன அடி சிடியில் தெரியாமல் போவது சகஜம். பிறகு எம்ஆர்ஐயில் முகுளத்தின் பக்கவாட்டில் அடி தெரிந்தது. குழாய் வெளியே வர ஏழு வாரம் ஆனது. பக்கத்துக் கட்டிலில் ஒரு கை அசையாத பெரியம்மா ஐந்தாம் நாளே குழைத்த சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை காலைப் பார்த்துத் தொண்டையைக் கணிக்காதீர்கள்.

7. முதல் கணிப்பு

இப்போது உங்களிடம் வேண்டியதெல்லாம் சேர்ந்துவிட்டது. சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2019இல் 'ஜாமா நியூராலஜி' இதழில் வெளியிட்ட 'ப்ரெஸ்' என்ற மதிப்பெண் முறை ஐந்தே விஷயங்களைக் கேட்கிறது: வயது 70ஐ எட்டியதா, பக்கவாதத்தின் கடுமை எவ்வளவு, ஃப்ரான்டல் ஒபர்குலத்தில் அடியா, முதல் சோதனையில் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருந்ததா, தொடக்கத்தில் வாயால் எவ்வளவு போனது. இந்த ஐந்தையும் வைத்து 7ஆம் நாளிலும் 30ஆம் நாளிலும் நிலை எப்படியிருக்கும் என்று சொல்லப் பார்க்கிறது. கடுமைக்கு 0 முதல் 42 வரை போகும் என்ஐஎச்எஸ்எஸ் மதிப்பெண். அதை வார்டு டாக்டர் சேர்க்கையின்போதே போட்டிருப்பார், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

புள்ளிகளைக் கூட்டுவது டாக்டர் வேலை. வீட்டாருக்காக நான் பயன்படுத்துவது மூன்று கூடை. இது என் கைப்பழக்கம்தான், சூத்திரம் இல்லை.

ஐந்தில் ஒன்றோ இரண்டோதான் பாதகம், இருமலில் வலு இருக்கிறது, நீர் மட்டும் தடுமாறுகிறது என்றால் முதல் கூடை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் வாய்ச் சாப்பாடு. ஐந்தில் நான்கு ஐந்து பாதகம், அல்லது இரு பக்கமும் அடி, அல்லது முகுளத்தில் அடி என்றால் மூன்றாம் கூடை. ஒரு மாதத்துக்கு மேல் குழாய்க்குத் தயாராகுங்கள். மீதி எல்லாம் நடுக் கூடை. அங்கே முதல் நாளில் எதுவும் சொல்லாமல் 7ஆம் நாள்வரை காத்திருப்பதே நேர்மை.

8. 3, 7, 14, 30: மறுபடி அளக்கும் நாட்கள்

முதல் கணிப்பைச் சொல்லிவிட்டு அதையே பிடித்துக்கொண்டிருப்பது அடுத்த பிழை. முதல் வாரத்தில்தான் அதிகம் மாறும். அதனால் 3ஆம் நாளும் 7ஆம் நாளும் 3, 4, 5ஆம் படிகளை முழுதாகத் திரும்பச் செய்யுங்கள். அதே நேரத்தில், அதே உட்காரும் நிலையில், அதே பதத்தில். காலையில் தெம்பாக இருக்கும்போது ஒரு நாள், பிசியோதெரபி முடிந்து சோர்ந்திருக்கும்போது ஒரு நாள் அளந்தால், வரும் வித்தியாசம் தொண்டையினுடையது ஆகாது.

எண் ஏறுவதற்கு முன்பே சில குறிகள் தெரியும். நான் பார்த்த வரிசை பெரும்பாலும் இப்படி: தலையணை ஈரமாவது குறையும், சளி உறிஞ்ச வேண்டிய தடவை குறையும், இருமலில் வெடிப்பு வரும், பிறகு குரலில் களகளப்பு போகும். இந்த நான்கில் இரண்டு வந்துவிட்டால் எண் அடுத்த சில நாளில் ஏறும் என்று துணிந்து சொல்லுவேன்.

7ஆம் நாள் எண் 1 அல்லது 2இலேயே நின்றால் குழாயைப் பற்றித் தெளிவாகப் பேச வேண்டிய நேரம். முதல் 2, 3 வாரத்துக்கு மூக்குக் குழாய்தான். 2005இல் வெளியான பெரிய 'ஃபுட்' ஆய்வில், முதல் மாதத்திலேயே வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்தவர்கள் மூக்குக் குழாய் வைத்தவர்களைவிட மோசமாகத்தான் தேறினார்கள். 3, 4 வாரம் தாண்டியும் தேவைப்படும் என்று தெரிந்தால் வயிற்றுக் குழாயை டாக்டரோடு பேசலாம். கணிப்பின் பெரிய பயன் இந்த முடிவில்தான். வயிற்றுக் குழாய் போட்டாலே கதை முடிந்தது என்று அழுவார்கள். பின்னால் வாயால் சாப்பிடத் தொடங்கி அதை எடுத்தவர்களும் உண்டு.

14ஆம் நாளுக்குப் பிறகு ஏற்றம் மெதுவாகும், நிற்காது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நடந்து 1999இல் வெளிவந்த ஆய்வில், 6 மாதம் கழித்து 87 விழுக்காட்டினர் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். ஆனால் அவர்களைச் சோதித்தபோது பாதிப் பேருக்கு விழுங்கலில் ஏதோ ஒரு குறை மிச்சமிருந்தது. சாப்பிடுகிறார் என்பது ஒன்று, பாதுகாப்பாகச் சாப்பிடுகிறார் என்பது வேறு.

9. எண் திடீரென்று இறங்கினால்

மூளை மறுபடி கெட்டதாக உடனே நினைக்காதீர்கள். புதிதாக வாய் கோணினாலோ, கை கால் விழுந்தாலோ, எழுப்பினாலும் எழாவிட்டாலோ உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும், அது வேறு. அப்படி எதுவும் இல்லையென்றால் இவற்றைப் பாருங்கள்.

காய்ச்சல். நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வந்தால் நேற்று கூழ் விழுங்கியவர் இன்று எச்சிலையே விழுங்க மாட்டார். காய்ச்சல் இறங்கியபின் அளந்ததே கணக்கு.

தூக்க மருந்து. இரவில் கூச்சலிடுகிறார் என்று கொடுத்திருப்பார்கள், காலைச் சோதனையில் அதன் மயக்கம் நிற்கும். என்ன கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு என்று இரவு ஷிஃப்டிடம் கேளுங்கள்.

வாய். டார்ச் அடித்துப் பாருங்கள். நாக்கில் தயிர் போல வெள்ளைப் படலம், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே நேற்றைய கஞ்சி, பல வருட வெற்றிலைக் கறை. சில சமயம் பக்கவாதம் வந்த அன்று போட்ட பாக்குத் துண்டே கடைவாயில் இருக்கும்! நான் எடுத்திருக்கிறேன். வாய்வழி எதுவும் கொடுக்காதவருக்கு வாய் துடைக்கத் தேவையில்லை என்று நினைப்பது தப்பு. விழுங்காத வாயில்தான் கிருமி பெருகும், அந்த எச்சில்தான் நுரையீரலுக்குள் இறங்கும். தினமும் இரண்டு முறையாவது பல் தேய்த்து, வழிவதை உறிஞ்சி எடுங்கள்.

குழாய். "இது இருக்கிறதாலதான் விழுங்க முடியல" என்று வீட்டார் பிடுங்கிவிடுவார்கள். சரியாக வைத்த குழாய் விழுங்கலைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. தொண்டையில் சுருண்டு கிடக்கும் குழாய்தான் கெடுக்கும். வாயைத் திறந்து பின்தொண்டையில் வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். வயிற்றில்தான் இருக்கிறதா என்பதை குழாய் வழியே உறிஞ்சிய நீரின் அமில அளவான பிஎச் 5.5 அல்லது அதற்குக் கீழே என்பதை வைத்தோ, எக்ஸ்ரே எடுத்தோ உறுதி செய்ய வேண்டும். காற்றடித்து வயிற்றில் சத்தம் கேட்பதை நம்ப வேண்டாம்.

10. குடும்பத்திடம் எப்படிச் சொல்வது

ஒற்றைத் தேதி சொல்லாதீர்கள். தேதி சொன்னால் அன்று காலையே டிபன் கேரியரோடு வந்து நிற்பார்கள். நான் சொல்வது இப்படி: "அண்ணே, இன்னைக்கு அம்மா அந்த ஏழு படி அளவுல 2ல இருக்காங்க. அடுத்த புதன்கிழமை மறுபடி பார்ப்போம். அதுக்குள்ள 3க்கு வந்தா நல்ல போக்கு. வரலைன்னா இன்னும் ரெண்டு வாரம் குழாய் இருக்கும்னு வெச்சுக்குங்க." எந்தப் படி, அடுத்து எந்த நாள், வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. நான்கும் இருந்தால் மறுபடி மறுபடி கேட்க மாட்டார்கள்.

எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்லாமல், சாப்பாடு கொண்டுவரும் ஆளிடம் சொல்லுங்கள். மகன் தலையாட்டுவார், ஸ்பூன் இருப்பது மருமகள் கையில்.

11. எண் 5ஐ எட்டிய பிறகு

மசித்த சோறும் பருப்பும் இறங்கிவிட்டன என்றதும் வீட்டில் முதலில் வாங்கி வருவது மொஹிங்கா, பர்மிய மீன் குழம்புச் சேமியா. ஆசைதான், புரிகிறது. ஆனால் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். குழம்பு ஒரு பதம், சேமியா ஒரு பதம், மேலே மொறுமொறு வடை ஒரு பதம். மெல்லும்போதே குழம்பு தொண்டைக்கு ஓடிவிடும், வாய் இன்னும் சேமியாவோடு போராடிக்கொண்டிருக்கும். ரசம் சோறும், டீயில் முக்கிய ரொட்டியும் இதே ரகம். நீர் தனியாகப் பாதுகாப்பாகப் போக வேண்டும், கெட்டி தனியாகப் பாதுகாப்பாகப் போக வேண்டும். இரண்டும் ஒரு வாரம் தொந்தரவில்லாமல் போனபின் கலவையை ஒரு ஸ்பூன் பார்க்கலாம்.

வீட்டுக்குப் போகும்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் எந்தப் பதம்வரை பாதுகாப்பாகப் போனது, எத்தனை ஸ்பூனில் சோர்ந்தார் என்று எழுதி அடுப்படியில் மாட்டச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் சளி காய்ச்சல் வந்தால் அந்தப் பதத்திலிருந்து ஒரு படி கீழே இறங்க வேண்டும், காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் மறுபடி "இருமுங்க" என்று சொல்லித் தொடங்க வேண்டும்.